தொடர்புக்கும் உள்நுழைவுக்கும் இடையில்: கூடுவாஞ்சேரி எல்லையை முன்வைத்து டயல்-அப் இணையத்தின் பிழை எண்கள் குறித்த வரலாற்று நோக்கு (1995–2005)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இணையத்தின் வரலாறு பெரும்பாலும் எழுத்துரு, குறியேற்றம், விசைப்பலகை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இணையத்தை அடைவதற்கே பயனர் கடக்க வேண்டியிருந்த தொலைபேசிக் கம்பி, எண் எல்லை, கணக்குச் சரிபார்ப்பு ஆகியன அவ்வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. சென்னைத் தொலைபேசிப் பகுதிக்கும் செங்கல்பட்டுத் தொலைபேசிப் பகுதிக்கும் இடைப்பட்ட எல்லையில் அமைந்த கூடுவாஞ்சேரியை முன்வைத்து, டயல்-அப் உள்நுழைவு தோல்வியுற்ற இடங்களையும் அத்தோல்விகளைப் பயனருக்கு அறிவித்த பிழை எண்களையும் இக்கட்டுரை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு ஆராய்கிறது. தோல்வியின் காரணம் பல நிறுவனங்களிடையே பிரிந்து கிடந்தபோதும், அதனைக் கண்டறியும் உழைப்பும் அதற்கான செலவின் பெரும்பகுதியும் பயனரையே சார்ந்தன என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: டயல்-அப் இணையம், கூடுவாஞ்சேரி, தொலைபேசி எண் எல்லை, பிழை எண், கடவுச்சொல் சரிபார்ப்பு, விதேஷ் சஞ்சார் நிகாம்.

1. முன்னுரை

தமிழ் இணைய வரலாற்றை எழுதுவோர் சில ஆண்டுகளை மைல்கற்களாகக் கொள்வர். 1998 சனவரியில் மதுரைத் திட்டம் தொடங்கியமை, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு நடைபெற்றமை, 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றமை ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இம்மைல்கற்கள் அனைத்தும் திரையில் தமிழ் எழுத்து தோன்றியதன் வரலாற்றைச் சார்ந்தவை. திரைக்கு அப்பால், வீட்டுத் தொலைபேசியை இணையத்தோடு பிணைத்த கம்பியின் வரலாறு தனியே ஆராயத்தக்கது.

அக்கம்பியின் வரலாற்றை எழுதுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சேவை நிறுவனங்களின் பதிவேடுகளில் வெற்றி பெற்ற இணைப்புகளே சந்தாதாரர் எண்ணிக்கையாகவும் பயன்பாட்டு மணிகளாகவும் பதிவாகின்றன. இணைய முயன்று இயலாமற்போன அழைப்புகள் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆயினும், அத்தோல்விகள் தடயமின்றி மறைந்துவிடவுமில்லை. கணினியின் இயங்குதளம் ஒவ்வொரு தோல்விக்கும் ஓர் எண்ணை வைத்திருந்தது. அந்த எண்களின் பட்டியலும், இணைப்பு நெறிமுறைகளின் ஆவணங்களும், அக்காலக் கடிதத் தலைப்புகளில் அச்சான தொலைபேசி எண்களும் மின்னஞ்சல் முகவரிகளும் இவ்வாய்வுக்குரிய சான்றுகளாக அமைகின்றன.

2. சேவையின் தோற்றம்

இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கான கணினி வலையமைப்பு 1986-இல் எர்நெட் திட்டத்தின் வழித் தொடங்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதன் தொடக்க உறுப்பு நிறுவனங்களுள் ஒன்றாகும். பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. பம்பாய், தில்லி, கல்கத்தா ஆகியவற்றோடு சென்னையும் முதற்கட்ட நகரங்களுள் இடம்பெற்றது. தொடக்க வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். தனிநபருக்கான கட்டணம் 250 மணி நேரத்திற்கு 5,000 ரூபாய். தேவையைக் குறைத்து மதிப்பிட்டதாலும் மோடம்கள் போதாமையாலும் முதல் மாதங்களில் இணைப்பு கிடைப்பதே அரிதாயிற்று. நிறுவனத்தின் அன்றைய தலைவர் பி.கே. சிங்கல் இக்குறைபாடுகளைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார்.

சென்னைச் சந்தாதாரர்களுக்கு வழங்கப்பட்ட மின்னஞ்சல் முகவரிகளில் 'ஜியாஸ்எம்டி01' என்னும் தொடர் இடம்பெற்றது. இதன் முற்பகுதி 'கேட்வே இன்டர்நெட் ஆக்செஸ் சர்வீஸ்' என்னும் சேவைப் பெயரின் முதலெழுத்துகளையும், 'எம்டி' என்பது மெட்ராசையும் குறித்தன. 1996-இல் நகரின் பெயர் சென்னை என மாறிய பின்னரும் முகவரிகளில் பழைய பெயரின் சுருக்கம் நீடித்தது. அக்கால ஆய்விதழ்களிலும் கடிதத் தலைப்புகளிலும் இதனை இன்றும் காணலாம். இணையத்தின் நுழைவாயில் ஒரு குறிப்பிட்ட நகரத்தில் இருந்தது என்பதையும், பயனர் எங்கிருந்தாலும் அந்நகரத்தின் தொலைபேசி எண்ணையே அழைக்க வேண்டியிருந்தது என்பதையும் இம்முகவரி நினைவூட்டுகிறது.

3. கூடுவாஞ்சேரியும் எண் எல்லையும்

கூடுவாஞ்சேரி, சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையிலும் கடற்கரை–செங்கல்பட்டு புறநகர் இருப்புப்பாதையிலும் அமைந்த ஊர். வடக்கே ஊரப்பாக்கமும் வண்டலூரும், தெற்கே பொத்தேரியும் காட்டாங்குளத்தூரும் மறைமலைநகரும் அதன் அண்டை ஊர்கள். ஆட்சி எல்லையைப் பொறுத்தவரை, 1997 சூலை 1 அன்று செங்கை-எம்.ஜி.ஆர். மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பின்னர் அதன் பகுதியாயிற்று.

தொலைபேசியின் எல்லை இவ்வாட்சி எல்லைகளோடு ஒத்துப்போகவில்லை. வண்டலூரில் உள்ள நிறுவனங்கள் சென்னையின் 044 என்னும் குறியீட்டுக்குள் இருந்தன. சில கிலோமீட்டர் தெற்கே காட்டாங்குளத்தூரில் உள்ள கல்வி நிறுவனங்களின் கடிதத் தலைப்புகளில் 1990-களில் அச்சானது செங்கல்பட்டின் 04114 என்னும் குறியீடு. கடற்கரையில் மாமல்லபுரத்தின் விடுதிகளும் கல்பாக்கத்தின் அணு ஆய்வு நிறுவனமும் அதே 04114 குறியீட்டையே கொண்டிருந்தன. 2000-களின் தொடக்கத்தில் இக்குறியீடு கைவிடப்பட்டு, பழைய ஆறிலக்க எண்களின் முன் 27 சேர்க்கப்பட்டு, அவை 044-இன் கீழ் வந்தன. இன்றும் கூடுவாஞ்சேரி, காட்டாங்குளத்தூர், மாமல்லபுரம், கல்பாக்கம் ஆகிய ஊர்களின் தரைவழித் தொலைபேசி எண்கள் 27 எனத் தொடங்குவதும், வண்டலூர் எண்கள் 22 எனத் தொடங்குவதும் அப்பழைய எல்லையின் எச்சங்களாகும்.

புறநகர் மின்தொடர் வண்டியில் பயணச்சீட்டு வாங்கிச் சென்னைக்கு நாள்தோறும் சென்று திரும்பிய ஊர், தொலைபேசியின் கணக்கில் வெளியூராக இருந்தது. டயல்-அப் பயனருக்கு இவ்வேறுபாடு நேரடியான விளைவுகளை உடையது. ஓர் உள்ளூர் அழைப்பு மணிக்கணக்கில் நீடிக்கலாம், எஸ்.டி.டி. அழைப்பு அவ்வாறு நீடிப்பது குடும்பத்தின் வரவுசெலவைப் பாதிக்கும். அன்றியும், பல வீடுகளில் எஸ்.டி.டி. வசதி பெறப்படாமலோ பூட்டப்பட்டோ இருந்தது.

இவ்வெல்லை கணினிக்குள்ளும் நுழைந்தது. 1995 ஆகஸ்டு 24 அன்று வெளியான விண்டோஸ் 95 இயங்குதளம், பயனர் எந்தப் பகுதிக் குறியீட்டிலிருந்து அழைக்கிறார் என்று கேட்டுப் பதிந்துகொண்டது. அழைக்க வேண்டிய எண்ணின் பகுதிக் குறியீடு வேறாயின், வெளியூர் அழைப்புக்குரிய முன்னொட்டைத் தானே சேர்த்துச் சுழற்றியது. தன் குறியீடு 4114 எனச் சரியாக எழுதிய பயனரின் கணினி, சென்னை எண்ணை எஸ்.டி.டி. அழைப்பாகவே சுழற்றும். வசதி பூட்டப்பட்ட கம்பியில் அவ்வழைப்பு செல்லாது. இங்குத் தவறான விவரம் எதனையும் பயனர் தரவில்லை. தொலைபேசித் துறையின் நிலவரைபடத்தைக் கணினி உள்ளவாறே பின்பற்றியது.

4. உள்நுழைவின் மூன்று படிகள்

டயல்-அப் உள்நுழைவு ஒரே செயலாகத் தோன்றினும், ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் மூன்று படிகளை உடையது. ஒவ்வொரு படியும் வெவ்வேறு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. பிழை எண்களை இப்படிகளுக்கு ஏற்ப வகுத்துக் காண்பது தேவை.

4.1 கம்பியின் படி

முதற்படியில் மோடம் தொலைபேசியை எடுத்து, டயல் டோனைக் கேட்டு, எண்ணைச் சுழற்றுகிறது. இப்படியில் எழும் பிழைகள் மூன்று: டயல் டோன் இல்லை (680), மறுமுனை வேறு அழைப்பில் உள்ளது (676), மறுமுனை விடையளிக்கவில்லை (678).

இவற்றுள் 680 தனிக் கவனத்திற்குரியது. அமெரிக்கத் தொலைபேசிகளின் டயல் டோன் 350, 440 ஹெர்ட்சு என்னும் இரு ஒலிகளின் கலவை. இந்தியாவிலோ, 25 ஹெர்ட்சால் பண்பேற்றப்பட்ட 400 ஹெர்ட்சு ஒலியே டயல் டோன். பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட மோடம்களுள் சில, இவ்வொலியை டயல் டோனாக அடையாளம் காணவில்லை. பயனரின் காதுக்குத் தெளிவாகக் கேட்ட ஒலியை இல்லை என்று கணினி அறிவித்தது. டயல் டோனுக்குக் காத்திராமல் சுழற்றுமாறு மோடத்திற்குக் கட்டளையிடுவதே இதற்குத் தீர்வு. 'டயல் டோனுக்குக் காத்திரு' என்னும் கட்டத்திலிருந்த குறியை நீக்குவது, அல்லது 'ஏ.டி. எக்ஸ்3' என்னும் கட்டளையைச் சேர்ப்பது என இத்தீர்வு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது. பழைய தொலைபேசி நிலையங்களோடு இணைந்த கம்பிகளில் 'டோன்' முறைக்குப் பதிலாகப் 'பல்ஸ்' முறையில் சுழற்ற வேண்டியிருந்தமையும் இவ்வகையைச் சார்ந்ததே.

676-இன் காரணம் வேறு. தொலைபேசி நிலையங்கள் சில நிமிடங்களே நீடிக்கும் பேச்சுகளைக் கணக்கிற்கொண்டு வடிவமைக்கப்பட்டவை. இணைய அழைப்போ பல மடங்கு நீண்டது. ஒரு சந்தாதாரர் மறுமுனையின் மோடத்தைப் பற்றியிருக்கும் காலம் முழுவதும் அது பிறருக்குக் கிடைப்பதில்லை. பேச்சுக்காக அமைந்த வலையமைப்பை இணையப் போக்குவரத்து நெரிசலுக்கு உள்ளாக்கும் என்பதைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் டெனெட் ஆய்வுக்குழு அக்காலத்திலேயே வலியுறுத்தியது. அக்குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறை, இணையப் போக்குவரத்தைத் தொலைபேசி நிலையத்தின் வழிச் செலுத்தாமல் பிரித்தெடுத்தது இதனாலேயே.

4.2 கைகுலுக்கலின் படி

மறுமுனை விடையளித்த பின்னர் இரு மோடம்களும் தமக்குள் வேகத்தை உடன்படுத்திக்கொள்கின்றன. பயனர் காதில் விழுந்த கீச்சொலி இதுவே. பேச்சுக்கென ஒதுக்கப்பட்ட 300 முதல் 3,400 ஹெர்ட்சு வரையிலான அலைவரிசைக்குள் இவ்வுடன்பாடு எட்டப்பட வேண்டும். 1998-இல் தரப்படுத்தப்பட்ட வி.90 என்னும் 56 கிலோபிட் முறை, சேவை நிறுவனத்திலிருந்து பயனர் வரையிலான வழியில் ஒரேயொரு இடத்தில் மட்டுமே இலக்கச் சமிக்ஞை ஒலிச் சமிக்ஞையாக மாறும் என்னும் அடிப்படையில் அமைந்தது. இடையில் மற்றொரு மாற்றம் நேரின் அவ்வேகம் கிட்டாது. 56 கிலோபிட் என அச்சிட்ட பெட்டியில் மோடம் வாங்கியவர் திரையில் அதனினும் குறைந்த எண்ணைக் கண்டதற்குக் காரணம், நிலையத்திலிருந்து வீடுவரை நீண்ட செப்புக் கம்பியிலும் இடைப்பட்ட மாற்றங்களிலும் இருந்தது.

கம்பியின் நீளம், இணைப்பு முடிச்சுகளின் அரிப்பு, மழைநீர்க் கசிவு ஆகியவை இரைச்சலை மிகுவிப்பன. பேச்சில் இவ்விரைச்சல் பொறுத்துக்கொள்ளத் தக்கது. மோடத்திற்கு அது இணைப்பு அறுவதற்குப் போதுமானது. தொலைபேசி பழுதில்லை, மோடமும் பழுதில்லை, ஆயினும் இணைப்பு நிலைக்கவில்லை என்னும் நிலை இவ்வாறு தோன்றியது. ஒரே கம்பியின் மற்றொரு கிளையில் யாரேனும் தொலைபேசியை எடுப்பதும், அழைப்புக் காத்திருப்பு ஒலி குறுக்கிடுவதும் இதே விளைவைத் தந்தன.

4.3 சரிபார்ப்பின் படி

கைகுலுக்கல் முடிந்த பின்னர், 1994-இல் தரப்படுத்தப்பட்ட பி.பி.பி. நெறிமுறையின்படி இணைப்பு உடன்பாடும், பின் பயனர்பெயர், கடவுச்சொல் சரிபார்ப்பும், இறுதியில் இணைய முகவரி வழங்கலும் நிகழ்கின்றன. மறுமுனை உரிய காலத்தில் விடையளிக்காவிடின் 718 அல்லது 721, நெறிமுறைகள் பொருந்தாவிடின் 720, மறுமுனையே துண்டித்தால் 629 எனப் பிழைகள் அமைந்தன.

இப்படியின் முதன்மையான பிழை 691. பயனர்பெயரோ கடவுச்சொல்லோ செல்லாததாகையால் அனுமதி மறுக்கப்பட்டது என்பது அதன் செய்தி. ஏனைய எண்கள் கருவியையோ கம்பியையோ மறுமுனையையோ சுட்டுகின்றன. இவ்வோர் எண்ணே பயனரைச் சுட்டுகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் கடவுச்சொல் மறுக்கப்பட்ட நேர்வுகள் இருந்தன என்பது உண்மையே. ஆனால், வேறு காரணங்களும் இதே எண்ணுக்குள் அடங்கின. வாங்கிய மணிநேரம் தீர்ந்துபோயிருக்கலாம். கணக்கின் காலம் முடிந்திருக்கலாம். முந்தைய இணைப்பு இரைச்சலால் அறுந்தபோது மறுமுனை அதனை உணராமல், அக்கணக்கு இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகவே கருதியிருக்கலாம். ஒரு கணக்கில் ஒரு வேளையில் ஒருவரே நுழையலாம் என்னும் விதியால், உரியவரே இரண்டாம் முறை வரும்போது அவரை அது மறுக்கும். இம்மூன்றிலும் கடவுச்சொல் சரியானது, செய்தியே தவறானது.

இதன் நடைமுறை விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. மழையால் நனைந்த முடிச்சு ஒன்று இணைப்பை அறுக்கிறது. மீண்டும் முயலும் பயனரிடம், உம் கடவுச்சொல் தவறு எனக் கணினி கூறுகிறது. அவர் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி இட்டுப் பார்க்கிறார். இரண்டாம் படியில் எழுந்த பழுது மூன்றாம் படியில் பயனரின் பிழையாக உருமாறுகிறது. செய்தி ஆங்கிலத்தில் இருந்தமையால், தமிழ்வழிக் கல்வி பெற்றவர்களுக்கு இத்தவறான குற்றச்சாட்டை மறுத்துரைப்பதும் கடினமாயிற்று.

5. தோல்விக்கான கட்டணம்

தொலைபேசிக் கட்டண அளவி, மறுமுனை அழைப்பை ஏற்கும் கணத்தில் இயங்கத் தொடங்குகிறது. எனவே, 680, 676 ஆகிய தோல்விகளுக்குக் கட்டணம் இல்லை. சரிபார்ப்பின் படியில் நேரும் தோல்விகள் அனைத்தும் மறுமுனை மோடம் அழைப்பை ஏற்ற பின்னரே நிகழ்கின்றன. ஒவ்வொரு 691-க்கும் குறைந்தது ஓர் அலகுக் கட்டணம் உண்டு. 678 இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. மறுமுனை ஏற்று, கைகுலுக்கல் மட்டும் கைகூடாத நேர்விலும் அவ்வெண்ணே தோன்றக்கூடும். அதாவது, விடையில்லை எனத் திரை கூறிய அழைப்புக்கும் கட்டணம் ஏறியிருக்கலாம்.

இணைய மணிநேரத்திற்கான தொகை ஒரு நிறுவனத்திற்கும், தொலைபேசி அலகிற்கான தொகை மற்றொரு துறைக்கும் சென்றன. உள்நுழைவு தோல்வியுறின் முதல் நிறுவனம் கட்டணம் பெறவில்லை, இரண்டாவது பெற்றது. ஆகவே, தோல்வியைக் குறைப்பதால் தொலைபேசித் துறைக்கு வருவாய் ஆதாயம் இல்லை. இணைய நிறுவனத்திற்கு அக்கம்பியின் மீது அதிகாரம் இல்லை. பழுது எங்குள்ளது என்பதைக் கண்டறியும் பணி, இவ்விரு பொறுப்புகளுக்கும் இடையிலிருந்த பயனரிடம் வந்து சேர்ந்தது. வீட்டில் நண்பரோ உறவினரோ இப்பணியைச் செய்தனர். உலாவல் மையங்களில் அவற்றை நடத்தியவர்கள் செய்தனர். மணிக்கணக்கில் பணம் கொடுத்து மையத்திற்குச் சென்றவர், இணைப்பின் விலையோடு இவ்வுழைப்பின் விலையையும் சேர்த்தே செலுத்தினார் எனக் கொள்வது பொருந்தும்.

6. எல்லையைக் கடக்க எடுக்கப்பட்ட முயற்சிகள்

எண் எல்லையின் சிக்கலை அரசு அறிந்திருந்தது. 1998 மே மாதம் அமைக்கப்பட்ட தேசியத் தகவல் தொழில்நுட்பப் பணிக்குழு, அதே ஆண்டு சூலையில் அளித்த பரிந்துரைகளில், 2000 சனவரி 26-க்குள் மாவட்டத் தலைநகரங்கள் அனைத்திலும் இணைய நுழைவாயில்கள் திறக்கப்பட வேண்டும் என்றும், அதுவரை அண்மை நுழைவாயிலை உள்ளூர்க் கட்டணத்தில் அழைக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் கூறியது. வாழும் இடத்தின் தொலைவுக்காக ஒருவர் இணையத்திற்குக் கூடுதல் விலை தரலாகாது என்னும் கொள்கையை இப்பரிந்துரை ஏற்றுக்கொண்டது.

1998 நவம்பரில் இணையச் சேவை தனியாருக்குத் திறக்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் சேவை நிறுவனமாயிற்று. 172 எனத் தொடங்கும் எண்கள் இணைய அழைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டன. 2000 அக்டோபர் 1 அன்று உருவான பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் சஞ்சார்நெட் சேவையும் இவ்வகை எண்ணையே பயன்படுத்தியது. பகுதிக் குறியீடு தேவைப்படாத இவ்வெண், எந்த ஊரிலிருந்து சுழற்றினும் ஒன்றே. கூடுவாஞ்சேரியிலும் வண்டலூரிலும் ஒரே எண்ணைச் சுழற்றும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

பின்னர் வந்த நெட்ஒன் சேவை மற்றொரு படியையும் மாற்றியது. அழைப்பவரின் தொலைபேசி எண்ணையே அடையாளமாகக் கொண்டு, தனிக்கணக்கு இன்றியே இணைய அது வழிசெய்தது. கட்டணம் தொலைபேசிக் கட்டணச் சீட்டில் சேர்ந்தது. மணிநேரம் தீர்வது, கணக்குக் காலாவதியாவது ஆகியன இதில் எழவில்லை. தோல்விக்கு இடமளித்த பிரிவினையை, இணையமும் தொலைபேசியும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தபோதே நீக்க இயன்றது என்பது இங்குக் கருதத்தக்கது.

2005 சனவரியில் பி.எஸ்.என்.எல். அகலக்கற்றைச் சேவையைத் தொடங்கியது. மோடம் எண்ணைச் சுழற்றுவது நின்றது. பேச்சும் இணையமும் ஒரே கம்பியில் ஒருசேர இயங்கின. எனினும், 1999-இல் வெளியான பி.பி.பி.ஓ.இ. நெறிமுறையின் வழிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட்டமையால், 678, 691 ஆகிய எண்கள் அகலக்கற்றைப் பயனரின் திரையிலும் தோன்றின. சுழற்றப்படாத அழைப்புக்கும் மறுமுனைக் கணினி விடையளிக்கவில்லை என்னும் விளக்கமே தோன்றியது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, டயல்-அப் உள்நுழைவின் தோல்வியை இடத்திலிருந்து பிரித்து நோக்க இயலாது. வண்டலூருக்கும் காட்டாங்குளத்தூருக்கும் இடையே சென்ற எண் எல்லை, அழைப்பின் விலையையும் கணினியின் செயலையும் ஒருங்கே தீர்மானித்தது. இரண்டாவதாக, பிழை எண்கள் காரணத்தை அறிவிப்பதோடு பொறுப்பையும் ஒருவர்மீது சுமத்தின. அவற்றுள் பயனரைச் சுட்டிய 691, பயனருக்குத் தொடர்பில்லாத காரணங்களையும் தன்னுள் மறைத்தது. மூன்றாவதாக, சந்தாதாரர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இணையப் பரவலை அளக்கும் ஆய்வுகள், இணைப்பைப் பெறுவதற்குச் செலவான உழைப்பையும் அலகுக் கட்டணத்தையும் கணக்கிற்கொள்வதில்லை.

இன்றைய நலத்திட்டங்களிலும் தேர்வு விண்ணப்பங்களிலும் கடவுச்சொல்லும் ஒருமுறைக் குறியெண்ணும் நுழைவாயிலாக உள்ளன. செய்தி மறுமுனையிலிருந்து வந்து சேராதபோதும், தவறான குறியெண் என்னும் அறிவிப்பே விண்ணப்பதாரர் திரையில் தோன்றும் நிலை, 691-இன் வரலாற்றோடு ஒப்புநோக்கத்தக்கது. 1990-களின் கல்லூரி மலர்கள், நிறுவனக் கடிதத் தலைப்புகள், தொலைபேசிக் கட்டணச் சீட்டுகள், உலாவல் மைய நடத்துநர்களின் வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றை மாவட்ட அளவில் தொகுப்பின், தமிழ் இணையத்தின் வரலாற்றை அதன் எழுத்துகளோடு அதன் கம்பிகளையும் சேர்த்து எழுத இயலும். தரைவழித் தொலைபேசிகள் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு வரும் இக்காலத்தில் அத்தொகுப்புப் பணி விரைந்து மேற்கொள்ளத்தக்கது.